விட்டவன் விழுக்காடு

சொந்த ஊர் சித்தூர் என்று வெளிநாட்டில் சட்டென்று சொல்லிவிடக் கூடாது. சொன்ன மறுநிமிஷம் கேள்வி வரும். "ஓ, திருப்பதி பக்கமா? அங்கே யாரையாவது தெரியுமா சார்?" யாரையாவது என்றால் பெருமாளை இல்லை. பெருமாளைச் சீக்கிரம் பார்க்க வைக்கக் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு ஆசாமியை.

டிசம்பர் லீவுக்கு மக்கள் டிக்கெட் போட ஆரம்பித்ததும் இந்தத் தொல்லை தொடங்கும். பிள்ளைக்கு முடி இறக்கணும், மாமியாருக்கு வேண்டுதல், கிரீன் கார்டு வந்தால் வருவதாகச் சொன்னோம், வந்துவிட்டது, இப்போ போகாமல் இருக்க முடியாது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். பதினைந்து நாள் லீவில் அரைநாள்தான் திருமலைக்கு என்பதும் புரிகிறது. யாரையும் தெரியாது என்று நான் கையை விரித்ததும், "பரவாயில்லை, டொனேஷன் குடுத்துடறோம், அதுல தரிசனம் வந்துடும்" என்பார்கள். குரலில் ஒரு நிம்மதி வேறு தெரியும். சிபாரிசு கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. நன்கொடைக்குக் கூச்சம் கிடையாது. தர்மம் செய்கிறோம், அதற்குப் பலன் கிடைக்கிறது, இதில் என்ன தப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவனுக்குப் பலன் கிடைப்பதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. அந்தப் பலனை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் தகராறு.

முதலில் ஊரைப் பற்றி. சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911-இல். அதற்கு முன்னால் வட ஆற்காடு மாவட்டத்துக்கே சித்தூர்தான் தலைநகர். 1953-இல் ஆந்திரா தனியாகப் போனபோது சித்தூரும் திருப்பதியும் அங்கே போயின. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தால் 1960-இல் திருத்தணி மட்டும் திரும்பி வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆகவே இன்றைய கணக்கில் நான் திருப்பதிக்காரன்கூட இல்லை, எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பக்கத்து மாவட்டத்துக்காரன். ஆனாலும் ஃபோன் வருவது நிற்கவில்லை :-)

எல்லைக் கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திருமலை, திருப்பதிக் கோயில் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ். விஜயநகர ராயர்கள் காலத்தில்கூட, ராஜா பேசுவது தெலுங்கோ கன்னடமோ, சுவரில் வெட்டியது தமிழ். 1930-களில் தேவஸ்தானமே சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்களை வைத்து இவற்றைப் படியெடுத்து, தொகுதி தொகுதியாக அச்சிட்டது. "வேங்கடம் எங்கள் எல்லை" என்று மார்தட்டுகிற நம்மில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்போம்? படித்தால் தெரியும், அதில் பாதிக்கு மேல் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கிற சமாசாரம்தான். யார் என்ன கொடுத்தார், அதற்கு அவருக்கு என்ன கிடைத்தது.

அந்தக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்தான் மேலே தலைப்பில் இருப்பது. விட்டவன் விழுக்காடு. விட்டவன் என்றால் தர்மத்தை விட்டவன், அதாவது கொடுத்தவன். விழுக்காடு என்றால் பங்கு. இன்றைக்குச் சதவீதத்துக்கு நல்ல தமிழில் விழுக்காடு என்று எழுதுகிறோமே, அதே சொல். பெருமாளுக்கு ஒருவர் ஒரு தளிகைக்கு ஏற்பாடு செய்தால், அமுது செய்தருளிய பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு அவருக்கு. மிச்சம் முக்கால் பங்கு கோயில் ஸ்தானத்தாருக்கும், வேலை செய்கிறவர்களுக்கும், சேவிக்க வந்த அடியார்களுக்கும். கொடுத்தவர் காலமாகிவிட்டால் அவர் பிள்ளைகளுக்கு, பிறகு பேரப்பிள்ளைகளுக்கு, சந்திர சூரியர் உள்ளவரைக்கும். ஊருக்குத் திரும்பிப் போகிறவர் தன் பங்கை இன்னொருவருக்கு எழுதி வைக்கலாம், விற்கவும் செய்யலாம்.

இதைப் படித்த உடனே சிரிப்புத்தான் வரும். அப்பவே பாயின்ட் சிஸ்டம் வைத்திருக்கிறார்கள் பார், கிரெடிட் கார்டுக்காரன் தோற்றான் என்று. ஆனால் அந்தப் பங்கு எப்படி விளைந்தது என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஒரு வியாபாரியோ, கோயிலில் பாசுரம் ஓதுகிறவரோ, ஆடல் பாடல் ஊழியம் செய்த எம்பெருமானடியார் ஒருவரோ, இத்தனை நற்பணம் என்று ஸ்ரீபண்டாரத்தில் கட்டுகிறார். அந்தப் பணத்தை உண்டியலில் போட்டுப் பூட்டி வைக்கவில்லை. கோயிலுக்குச் சொந்தமான ஊர்களுக்குத் திருவிடையாட்டம் என்று பெயர். அங்கே ஏரி வெட்ட, கால்வாய் தோண்ட, தூர்ந்து கிடப்பதைச் சரி செய்ய அந்தப் பணம் போகும். வானம் பார்த்த பூமிக்குத் தண்ணீர் வரும். புன்செய் நன்செய் ஆகும். புதிதாகக் கூடுதலாக விளைகிற நெல்லிலிருந்து அந்தத் தளிகைக்கு அரிசி வரும். இத்தனை மரக்கால் அரிசி, இத்தனை நாழி நெய், பயறு, சர்க்கரை, மிளகு, உப்பு, வெற்றிலை பாக்கு என்று ஆழாக்கு உழக்குவரை கணக்கு எழுதியிருக்கிறார்கள். அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்று பலகாரக் கணக்குத் தனி. நம்ம ஆடிட்டர்கள் தோற்றுப்போக வேண்டும்.

இந்தப் பொருளாதாரத்தைப் பற்றி பர்ட்டன் ஸ்டெயின் என்கிற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960-லேயே திருப்பதிக் கல்வெட்டுகளை வைத்து ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். கோயில் வெறும் பூஜை நடக்கிற இடமில்லை, பாசனத்தில் முதலீடு செய்கிற ஸ்தாபனம் என்று காட்டியது அது.

இப்போது அந்த நாலில் ஒரு பங்கைத் திரும்பப் பாருங்கள். யாருடைய வாயிலிருந்து அதைப் பிடுங்கினார்கள்? யாருடைய வாயிலிருந்தும் இல்லை. அவர் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தச் சோறே கிடையாது. அந்தத் தண்ணீர் கிடையாது. தான் புதிதாக உண்டாக்கியதில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டார், மூன்று பங்கு ஊருக்குப் போனது. அவர் கொடுத்ததால் வரிசையில் நின்ற கடைசி ஆளுக்கும் ஒரு கவளம் கூடியதே தவிரக் குறையவில்லை.

சந்திரகிரியில் இருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் ஒரு படி மேலே போனார். யாத்திரை வருகிறவர்களுக்குச் சோறு போட இராமானுஜக் கூடம் என்று சத்திரம் வைத்து, கந்தாடை இராமானுஜ ஐயங்காரை அதற்குப் பொறுப்பாக்கி, தனக்கு வர வேண்டிய விழுக்காட்டை அந்தக் கூடத்துக்கே விட்டார். தனக்கு வந்த ரிவார்டை அன்னதானத்துக்கு மாற்றிவிட்ட ராஜா. பின்னாளில் விஜயநகரத்துக்கே சக்கரவர்த்தி ஆனார் என்பது உபரித் தகவல்.

திருப்பதி கோயில் விவகாரம், சாதாரண ஊர்களுக்கு இது பொருந்துமா என்றால், எங்கள் சித்தூர்ப் பக்கத்து ஊர்களிலும் இதே புத்திதான் இருந்தது. கோயிலுக்குப் பதில் ஏரி, அவ்வளவுதான் வித்தியாசம். தசபந்தம் என்று ஒரு மானியம். ராயலசீமைப் பக்கம் முழுக்க உண்டு. ஒருவர் தன் கைப்பணத்தைப் போட்டு ஏரியோ கிணறோ வெட்டினால், உடைந்ததைக் கட்டினால், அதன் பாசனத்தில் ஒரு பங்கு அவருக்கு. பத்தில் ஒன்று என்பது பெயரில் இருக்கிற கணக்கு, ஊருக்கு ஊர் அளவு மாறும். சில இடத்தில் ஏரிக்குக் கீழே வரி குறைந்த நிலமாகக் கொடுப்பார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஏரியை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும். கரை உடைந்து நீ சும்மா உட்கார்ந்திருந்தால் மானியம் போச்சு. வெள்ளைக்காரன் இனாம் கமிஷன் போட்டு மானியங்களை அலசினபோதுகூட இந்த நிபந்தனையோடுதான் தசபந்தத்தை ஒத்துக்கொண்டான்.

எனக்குப் பிடித்தது அந்த நிபந்தனைதான். ஒரு தடவை பணம் கொடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க மரியாதை வாங்கிக்கொள்வது அங்கே நடக்காது. தண்ணீர் வரும்வரைதான் மரியாதை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த வம்பே வேண்டாம். யார் எந்தப் படிவரை போகலாம் என்பதை ஜாதி தீர்மானித்தது. கோவில் வாசலுக்கே வர முடியாதவர்கள் ஏரிக்கரையில் மண் சுமந்தார்கள், அவர்களுக்கு விழுக்காடு கிடையாது. ராஜா வந்தால் ராஜமரியாதைதான், கிருஷ்ணதேவராயர் ஏழு தடவை வந்தபோது தர்ம தரிசனத்தில் நின்றிருக்க மாட்டார். அதெல்லாம் சரி. அந்த ஏற்பாட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு சங்கதி. கொடுத்தவனுக்குப் பலன், கொடுத்ததால் பெருகியதிலிருந்து வரணும்.

நடுவில் நடந்ததை வேகமாகத் தாண்டுவோம். கம்பெனிக்காரன் வந்து கோயில் வருமானத்தைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டான். 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் கைக்குப் போனது. 1933-இல் சென்னை மாகாணச் சட்டப்படி இன்றைய தேவஸ்தானம் வந்தது. இன்று அதன் வருஷ பட்ஜெட் 5,000 கோடிக்கு மேல் (2025-26-க்கு 5,258 கோடி).

இந்தத் தேவஸ்தானம் நன்கொடையாளருக்கு என்ன தருகிறது? லட்டு தருகிறது, வஸ்திரம் தருகிறது, தங்க இடம் தருகிறது. இதெல்லாம் பழைய விழுக்காட்டின் பேரப்பிள்ளைகள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதோடு தரிசனமும் தருகிறது. இவ்வளவு லட்சத்துக்கு வருஷத்தில் இத்தனை நாள், இத்தனை பேர் என்று பட்டியலே உண்டு. 2019 ஜூலையில் எல்-1, எல்-2, எல்-3 என்று வி.ஐ.பி.க்களைத் தரம் பிரித்து உள்ளே விட்ட முறையை ரத்து செய்தார்கள். நாமும் கைதட்டினோம். அதே வருஷம் ஸ்ரீவாணி டிரஸ்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, மேலே ஐந்நூறு ரூபாய் கட்டினால் பிரேக் தரிசனம் என்று ஆரம்பித்தார்கள். முன்வாசலில் போன பூனை கொல்லைப்பக்கமாக வந்துவிட்டது. அடுத்து 2021 கடைசியில், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக உதயாஸ்தமன சேவை என்று ஒரு திட்டம். ஒரு கோடி ரூபாய், வெள்ளிக்கிழமை என்றால் ஒன்றரைக் கோடி.

லட்டை இன்னொரு கொட்டாரத்தில் இன்னும் ஆயிரம் பிடிக்கலாம். தரிசனத்தை அப்படிப் பிடிக்க முடியாது. சன்னிதி ஒன்று, வாசல் ஒன்று, ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம். அதில் பூஜைக்கும் நடை சாத்துவதற்கும் போக மிச்சமிருக்கிற மணித்துளிகளை அன்று வந்திருக்கிற அறுபதாயிரம், எண்பதாயிரம் பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பிரேக் என்ற பெயரையே கவனியுங்கள். எதை பிரேக் செய்கிறார்கள்? பொது வரிசையைத்தான். அது நிற்கும், இவர்கள் போவார்கள், பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்ப்பார்கள். பிறகு பொது வரிசை ஓடும். ஜய விஜயர் நிற்கிற வாசலில் இருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "ஜரகண்டி ஜரகண்டி" என்று தள்ளப்பட்டு வெளியே வருவார்கள். நமக்குக் கிடைத்த ஒவ்வொரு நிமிஷமும் கூண்டில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்கு இது, தத்துவம் ஒன்றும் இல்லை.

இங்கே வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, அந்தப் பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்பது. உண்மைதான். ஸ்ரீவாணிப் பணம் தலித் மக்கள் வாழ்கிற பகுதிகளிலும் மீனவக் குப்பங்களிலும் கோயில் கட்டுவதற்கென்று சொல்லப்பட்டது. கோடி ரூபாய் சேவை குழந்தைகளின் இருதயத்துக்கு. இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் தலித் குடியிருப்பில் கோயில் கட்டக் காசு கொடுத்துவிட்டு, அதே குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்துத் திருமலைக்கு வந்த அம்மாவைப் பத்து நிமிஷம் கூடுதலாகக் காக்க வைப்பது என்ன வகைப் புண்ணியம்? ஆஸ்பத்திரிக்குப் பணம் தந்தவரின் பெயரை ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதட்டும், குணமான குழந்தை அவரை வாழ்த்தட்டும். அதுவே விட்டவன் விழுக்காடு. ஆஸ்பத்திரியில் போட்ட முதலுக்கு வட்டியைத் தர்ம தரிசன வரிசையில் வசூலிப்பது எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இரண்டாவது, இது நம்மவர்களுக்கே உரியது. "அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம், குழந்தைக்கு ஜெட்லாக், அப்பாவுக்கு முட்டிவலி, எப்படி நிற்பது?" முட்டிவலிக்காரர்களுக்கும் வயசானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் தனி வழி இருப்பது நியாயம், அது காசைப் பார்த்து வந்ததில்லை. முந்நூறு ரூபாய்ச் சீட்டு இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கென்று தனியாக வசதிகூடச் செய்து வைத்தார்கள். அப்புறம், தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டுமா இருக்கிறது? தர்மபுரியிலிருந்து கூலியை இரண்டு நாள் விட்டுவிட்டு வருகிறவருக்கும் லீவு குறைச்சல்தான். நமக்கு லீவிலும் சம்பளம் வருகிறது, அவருக்கு வராது.

மூன்றாவது, "நான் ஒருத்தன் நிற்பதால் என்ன மாறப் போகிறது?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒரு செய்திதான் இருக்கிறது. 2025 ஜனவரி 8 இரவு, திருப்பதி பைராகிப்பட்டெடா பகுதியில் வைகுண்ட துவார தரிசனத்துக்கு இலவச டோக்கன் வாங்கக் கூட்டம் காத்திருந்தது. கதவு திறந்ததும் தள்ளுமுள்ளு. ஆறு பேர் செத்துப்போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. தரிசனத்தில் கூட இல்லை, தரிசனத்துக்கான வரிசையில் கூட இல்லை. வரிசையில் நிற்பதற்கான சீட்டை வாங்கும் வரிசையில். அந்தச் சாவுக்கு நன்கொடையாளர்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாததுதான் காரணம். ஆனால் செல்வாக்குள்ளவர்கள் எல்லோரும் நிற்காத ஒரு வரிசையின் கதி அப்படித்தான் ஆகும். அரசுப் பள்ளிக்கூடத்தை நடுத்தர வர்க்கம் விட்டுப் போனதும் என்ன ஆனது என்று நமக்குத் தெரியாதா? கலெக்டர் மாமியாரும் அமைச்சர் மச்சானும் சிலிக்கான் வேலி இன்ஜினியரும் அந்த டோக்கன் கியூவில் நின்றிருந்தால், எத்தனை கதவு, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று பத்து நாள் முன்னாலேயே மைக்கில் சொல்லியிருப்பார்கள்.

சரி, திட்டி முடித்தாயிற்று. ஒழுங்காகக் கொடுத்து ஒழுங்காகப் பலன் வாங்குகிற வழியே இல்லையா? அதே மலையில் இருக்கிறது. 2000-ஆம் வருஷம் தொடங்கிய ஸ்ரீவாரி சேவா.

சித்தூரில் இருக்கிற என் அத்தை நாலைந்து தடவை போயிருக்கிறாள். கூடத் தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பெயர் கொடுப்பார்கள். ஒரு வாரம். ஆரஞ்சு நிற ஸ்கார்ஃப். சம்பளம் கிடையாது, படுக்க ஹால், சாப்பாடு. வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கட்டடத்தில் காலையில் காய் நறுக்குவது, பிறகு பந்தியில் பரிமாறுவது. 1985-இல் என்.டி.ஆர். காலத்தில் ஆரம்பித்த நித்திய அன்னதானம் 2011-இல் இந்தப் பெரிய கட்டடத்துக்கு வந்தது, ஒரே நேரத்தில் நாலாயிரம் பேர் உட்காரலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் தரிகொண்டாவிலிருந்து வந்து, மலையிலேயே வாழ்ந்து பாட்டு எழுதிய, வருகிறவர்களுக்குச் சோறு போட்ட ஒரு விதவைப் பெண்ணின் பெயர் அந்தக் கட்டடத்துக்கு. 2022-இல் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை தரிகொண்டாவும் எங்கள் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

"என்ன அத்தை, இத்தனை வேலைக்கும் என்ன குடுத்தாங்க?" என்று ஃபோனில் கிண்டலாகக் கேட்டேன்.

"கடைசி நாள் தரிசனம் குடுத்தாங்கடா. லட்டு குடுத்தாங்க. உனக்கென்ன வேணும் இப்ப?"

"அதுவும் தனி வழியாத்தானே அத்தை? அப்ப நீயும் வி.ஐ.பி.தானே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள். "அட போடா. ஏழு நாள் அந்தக் கூண்டுல இருக்கறவங்களுக்குப் பாலும் உப்புமாவும் நான் குடுத்திருக்கேன். அவங்களைக் கேளு, என்னை முன்னாடி விடுவாங்களா மாட்டாங்களான்னு."

ஸ்டெயின் பல பக்கத்தில் எழுதியதை அத்தை இரண்டே வரியில் சொல்லிவிட்டாள். வரிசைக்கு அவள் ஏதோ கூட்டியிருக்கிறாள். அந்த வரிசையில் நிற்கிறவர்களே சம்மதித்துக் கொடுக்கிற பங்கு அவளுடையது. பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டை வைத்துக்கொண்டு அந்தக் கூண்டின் கம்பிக்கு வெளியே நின்று, "என்னை முன்னாடி விடுறீங்களா?" என்று கேட்க நம்மில் யாருக்காவது தைரியம் வருமா? கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தச் சீட்டில் நாம் வாங்குகிற சௌகரியமே.

இத்தனையும் திருப்பதி சமாசாரம், நமக்கு வருஷத்துக்கு ஒரு நாள். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளைக்கு வருவோம். இங்கே நம் தமிழ்ச் சங்கங்களில் என்ன நடக்கிறது? பெயர் வேண்டாம், எந்த ஊரென்றாலும் இதே கதைதான். பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று நன்கொடையாளர்களுக்கு மூன்று ஜாதி. பிளாட்டினத்துக்கு முதல் வரிசை நாற்காலி, வந்திருக்கிற நடிகரோடு தனி விருந்து, போட்டோ. சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளியில் அ, ஆ சொல்லிக்கொடுக்கிற அக்கா, காலை ஆறு மணிக்கு வந்து நானூறு பேருக்குப் பொங்கல் கிளறுகிற அண்ணன், நாற்காலி போட்டு எடுக்கிற காலேஜ் பையன்கள், இவர்களுக்குக் கடைசி வரிசை. பல சமயம் அதுவும் இல்லை, சுவரோரம். ஒரு விழாவில் மேடையில் ஆடிய குழந்தையின் அம்மா சாம்பார் வாளியோடு கதவோரம் நின்று, எட்டி எட்டித் தன் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் நாலு நாற்காலி காலி. ஸ்பான்சர் குடும்பம் வரவில்லை, ஆனால் அது அவர்கள் நாற்காலி.

1976-இல் பிட்ஸ்பர்க்கில் பெருமாள் கோயில் எழுந்தபோது அமெரிக்காவில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? திருப்பதி தேவஸ்தானம் துணை செய்தது, ஆனால் கட்டியதும் காத்ததும் அங்கே இருந்த குடும்பங்கள். பல மைல் கார் ஓட்டிக்கொண்டு போய் அங்கே புளியோதரை சாப்பிட்டவர்களில் யாரும் யார் எவ்வளவு கொடுத்தார் என்று பார்த்து இலை போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. இன்று நம்மிடம் காசு இருக்கிறது, அதனால் இந்த வியாதி.

ஸ்பான்சரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹால் வாடகை யார் கொடுப்பது? அவர்களுக்கும் விழுக்காடு உண்டு. ஆனால் அவர்கள் பணத்தால் எது பெருகியதோ அதிலிருந்து கொடுங்கள். அவர் பணத்தில் தமிழ்ப் பள்ளிக்கு இருபது புது மேஜை வந்தால், மேஜையில் அவர் பெயரை ஒட்டுங்கள். அவர் பணத்தில் விருந்து நடந்தால், முதல் இலை அவருக்குப் போடுங்கள், அவர் கையால் நாலு பேருக்குப் பரிமாறவும் சொல்லுங்கள். நாற்காலியை மட்டும் தொடாதீர்கள். நாற்காலி எத்தனை பேருக்கு என்று அளந்து வைத்தது, அதை அவர் பணம் பெருக்கவில்லை.

எங்கள் சங்கத்துக் கமிட்டியில் இதைத் தீர்மானமாகவே கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டு வரிசையில் பாதி, அந்த வருஷம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு. மீதி, வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும். மற்ற எல்லா வரிசையும் வந்தவர் முதலில். ஸ்பான்சர் பெயர் மேடைத் திரையில், நன்றாகப் பெரிய எழுத்தில். கூடவே இன்னொன்று, தசபந்தக் கணக்கில். இரண்டு வருஷம் பணமும் வராமல் ஆளும் வராமல் இருந்தால், "கௌரவப் புரவலர்" பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். இந்தக் கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருக்கிறது. "பெரிய மனுஷங்க மனசு கஷ்டப்படும்" என்கிறார் பொருளாளர். படட்டும் சார். ஏரி உடைந்தால் மானியம் போகும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவருக்கும் பூர்வீகம் பலமனேரிப் பக்கம்தான்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு ஓட்டெடுப்பு. உறுப்பினர் சந்தா கட்டியவர்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு, பிளாட்டினத்துக்கும் ஒன்றுதான்.